குறைந்து வரும் நஷ்டம்

உப்பளங்களை ஒட்டி ஒரு சிறு மடம். அதை நடத்திவந்தவர் பூங்கோதை அம்மையார். அவருடைய சீடர் குலோத்துங்கன் அவரைவிட வயதில் மூத்தவர், பொருளாதாரம் படித்தவர். புயல் நஷ்டத்தைக் கணக்கிட அரசு அமைத்த குழுவுக்கு அவர்தான் தலைவர்.

புயல் அடித்து ஓய்ந்த பின் ஒரு காலையில் அவர் மடத்துக்கு வந்தார். கடல் ஏறிக் கெட்டுப்போன கிணற்றை அம்மையார் இறைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கயிற்றைப் பிடிச்சுக்கிட்டே கேளுங்க."

அவர் பிடித்துக்கொண்டார்.

"குழுவிலே ரெண்டு கட்சி ஆயிடுச்சு. மனுஷன் விட்ட புகையாலே கடல் சூடாகுது, புயல் மூர்க்கமாகுது, அதனாலே கடலோரக் கரையை உயர்த்தணும்னு ஒரு கட்சி. புயல் என்னைக்கும் வர்றதுதான், இருக்கிற கரை போதும்னு இன்னொரு கட்சி."

"நீங்க?"

"நான் கணக்குக் கட்சி."

"அப்போ ஜெயிக்கிற கட்சி. கணக்கு என்ன சொல்லுது?"

"ரூபாயிலே பார்த்தா ஒவ்வொரு புயலுக்கும் நஷ்டம் ஏறுது. ஆனா முன்னே குடிசை இருந்த இடத்திலே இப்போ மாடி வீடு. உடையறதுக்குச் சாமான் கூடிப்போச்சு, விலைவாசி கூடிப்போச்சு. அதையெல்லாம் கழிச்சுட்டுப் பார்த்தா, போன புயலைவிட இந்தப் புயல்லே நஷ்டம் குறைவு. உப்பளத் தெருவிலே பல வீட்டிலே நஷ்டமே இல்லைன்னு சொல்லிட்டாங்க."

"கடல் சூடாகலையா?"

"சூடாகுது. மனுஷன்தான் காரணம். அதை நான் மறுக்கலை. ஆனா நஷ்டத்திலே அது தெரியலையே அம்மா. நான் எழுதுறதை வச்சுத்தான் கரைக்குப் பணம் ஒதுக்குவாங்க. என்ன எழுதட்டும்?"

அம்மையார் வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"உப்பளத் தெருவிலே எனக்கு ஒரு வேலை இருக்கு. வாங்க."

வழியில் பெட்டிக்கடையில் நின்று ஒரு கட்டு பீடி கேட்டார். கடைக்காரர் சிரித்தார்.

"மடத்திலே எப்போலேர்ந்தும்மா இந்தப் பழக்கம்?"

"இந்திராணி புருஷனுக்குப்பா."

கடைக்காரர் சிரிப்பை நிறுத்தினார். பீடிக்கட்டைக் காகிதத்தில் சுற்றி நீட்டினார்.

இந்திராணி உப்பளக் கூலி. அவள் வீட்டில் கூரை இருந்த இடத்தில் தார்ப்பாய் கட்டியிருந்தது. பீடிக்கட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"வந்ததும் முதல்ல இதைத்தான் கேப்பாரு. இல்லேன்னா வீட்டையே ரெண்டாக்கிடுவாரு." பிறகுதான் குலோத்துங்கனைப் பார்த்தாள். "ஐயாவைத் தெரியுமே! அன்னைக்கு ஜீப்புல உக்காந்துக்கிட்டே கேட்டுட்டுப் போனீங்களே. இன்னைக்காவது இறங்கி வந்தீங்க. டீ போடட்டா?"

"ஐயா அன்னைக்கு என்ன கேட்டாரு?" என்றார் அம்மையார்.

"என்ன நஷ்டம்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"ஒரு நஷ்டமும் இல்லைன்னேன்."

"ஏன்மா, கூரையே இல்லையே?" என்றார் குலோத்துங்கன்.

இந்திராணி அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

"வெளியூர் ஆளுல்ல, உங்களுக்குத் தெரியாது. அளத்துக்குப் போன ஆம்பிளை திரும்பாம இருக்கிறப்ப, அந்த வீட்டுப் பொம்பளை நஷ்டக் கணக்குச் சொல்ல மாட்டா. ஒரு சட்டி உடைஞ்சாக்கூட வாயைத் திறக்க மாட்டா. சொன்னா அவரையும் அந்தக் கணக்கிலே சேர்த்த மாதிரி ஆயிடும். ஸ்டேஷன்லகூட, காணோம்னு எழுதிக் குடுங்கன்னாங்க. எங்க தெருவுல யாரும் போகலை."

"யாருமே போகலையா? எத்தனை பேர் திரும்பலை?"

"கேக்காதீங்க ஐயா. எண்ணவும் கூடாது."

"அந்தப் புயல்லே எதுக்கு அளத்துக்குப் போனாங்க?"

"முதலாளியோட உப்புக் குவியலைத் தென்னங்கீத்து போட்டு மூடணும்னு ஆள் விட்டாங்க. நாலு கீத்துதான், மூடிட்டு ஓடியாந்துடுறேன்னாரு."

அந்தக் குவியலைக் குலோத்துங்கனுக்குத் தெரியும். கரைந்துபோன உப்பை முதலாளியே கூட நின்று காட்டியிருந்தார். அதன் மதிப்பைக் குலோத்துங்கன் நஷ்டக் கணக்கில் ஒரு ரூபாய் குறைக்காமல் சேர்த்திருந்தார்.

இந்திராணி டீ கொண்டுவந்தாள். அவர் குடித்தார். சர்க்கரை போதுமா என்று கேட்டாள். போதும் என்றார்.

திரும்பி நடக்கும்போது குலோத்துங்கன் தெரு முனையில் நின்றார்.

"மறுபடி வீடு வீடாப் போய்க் கேக்கிறேன் அம்மா. இதையும் சேர்த்துடலாம்."

"கேளுங்க. அந்தப் பொம்பளையைப் பார்த்து, 'உன் புருஷன் இனி வரமாட்டான், ஒத்துக்கோ, எனக்குக் கணக்கு சரியா வரணும்'னு கேளுங்க."

குலோத்துங்கன் அவர் பக்கம் திரும்பினார்.

"எல்லா அளத்திலேயும் இப்படித்தானா? போன புயலுக்கும் இப்படித்தானா?"

"போன புயலுக்கு எண்ணினவர் யாரு?"

"நான்தான்."

காற்று இல்லாத வெயில். தெருவில் ஓர் ஆண் குரல்கூடக் கேட்கவில்லை.

"நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க அம்மா. புயல் கொடுமையாகிக்கிட்டு வருதா, இல்லையா?"

அம்மையார் தெருவைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்க கணக்குப்படியே எழுதுங்க ஐயா. அடுத்த புயல் இதைவிடச் சாதுவா இருக்கும். உடைக்க ஒரு கூரை, கொண்டுபோக ஓர் ஆம்பிளை, அதுக்குன்னு இந்தப் புயல் இந்தத் தெருவிலே எதையும் மிச்சம் வைக்கலையே."