ராஜா கற்றுக்கொண்ட ஒரே இங்கிலீஷ் வார்த்தை

“பேஸ்லெஸ்!” என்று அரியணையின் கையில் ஓங்கி அறைந்தார் ராஜா முத்துமாறப்பர்.

எதிரே யானைப் பாகன் ஒச்சப்பன் கைகட்டி நின்றான். சற்றுமுன் நடந்த தசரா ஊர்வலத்தில் பட்டத்து யானை ராஜாவுக்கு மண்டியிடவில்லை. அதன் காலில் முள் தைத்திருக்கிறது என்று அவன் காரணம் சொன்னான். அவனுடைய அங்குசம் ராஜாவின் காலடியில் கிடந்தது. ராஜா அதை மிதித்துவிட்டால், பாகன் பெண்டாட்டி பிள்ளைகளோடு அன்றே எல்லை தாண்ட வேண்டும். அந்தச் சமஸ்தானத்து வழக்கம் அது.

அந்த வார்த்தை, போன வாரம் வந்த வெள்ளைக்காரக் கேப்டன் விட்டுப்போனது. ஆதாரம் இல்லாத பேச்சு என்று அர்த்தமும் சொல்லியிருந்தான். ராஜாவோ பிடிக்காத பேச்சுக்கெல்லாம் அதையே சொன்னார். ஏரிக்கரை கசிகிறது என்றார்கள், பேஸ்லெஸ். பாயசம் போதும் என்றாள் ராணி, பேஸ்லெஸ்.

“யானைக்கு அபின் கொடுத்திருக்கிறான், மகாராஜா,” என்றார் படைத்தலைவரான தளவாய் திருமேனி. “எல்லாரும் சொல்கிறார்கள். பிரதானி சேர்த்துவிட்ட ஆள் வேறு எப்படி இருப்பான்?”

ராஜா காலைத் தூக்கினார்.

“சற்றுப் பொறுங்கள்,” என்றார் முதல் மந்திரியான பிரதானி வைரவநாதர். “இன்னொரு வழக்கும் இருக்கிறது. மகாராஜாவின் மீசை வெறும் சாயம் என்று தளவாய் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்.”

“பேஸ்லெஸ்!” என்று அலறினார் தளவாய்.

ராஜாவுக்கு வேர்த்துக் கொட்டியது. “உமக்கு யாரய்யா சொன்னது?”

“எல்லாரும் சொல்கிறார்கள்.”

“எல்லாரும் என்றால்? பேர் சொல்லும்!”

“தளவாயிடம் அபின் கதை சொன்ன அதே எல்லாரும்தான். அவர் கூட்டிவரட்டும், நானும் பேர் கேட்டுக்கொள்கிறேன்.”

தளவாய் தூணைப் பார்த்தார்.

“கேப்டனின் வார்த்தை இந்த மாதிரிப் பேச்சுக்குத்தான், மகாராஜா. தளவாய்க்கும் பொருந்தும், எனக்கும் பொருந்தும். பாகனுக்குப் பொருந்துமா என்று யானையின் காலைப் பார்த்தால் தெரியும். வாசலில்தான் நிற்கிறது.”

போய்ப் பார்த்தார்கள். விரல் நீளக் கருவேல முள்.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிப் பிரதானியின் கழுத்தில் போட்டார். “தளவாய், உட்காரும். முள்ளை நீரே எடும்.”

பட்டு வேட்டியோடு சாணத்தில் உட்கார்ந்தார் தளவாய். ஒச்சப்பன் யானையின் காதருகே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். சபை முழுவதும் முள்ளையே பார்த்தது.

ராஜா மேலுதட்டு வேர்வையைத் துடைத்தார். விரலில் ஒட்டிய கறுப்பை அங்கவஸ்திரத்தின் உள்பக்கம் தேய்த்துவிட்டு, மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.