உள்ளேன் ஐயா

"என் பொண்ணு கேள்வி கேக்குறதையே நிறுத்திட்டா," என்றார் சிகாமணி.

மரகதம் அடுப்பில் கேழ்வரகுக் கஞ்சியைத் துழாவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"அதுக்காக ஏங்குற அப்பா அம்மா நிறையப் பேர் இருக்காங்க," என்றார்.

"நான் அப்படி இல்லைக்கா. அவ கேள்விக்காகத்தான் பள்ளிக்கூடத்தை விட்டே அவளை நிறுத்தினேன்."

"உக்காருங்க வாத்தியாரே. கஞ்சி ஆகட்டும்."

தான் வாத்தியார் என்று சிகாமணி இன்னும் சொல்லியிருக்கவில்லை. பைக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்த பித்தளை மணி சொல்லிவிட்டது.

மலையின் உச்சியில், ஏரிக்கரையில், இருக்கிறதா மிதக்கிறதா என்று சொல்ல முடியாத வீடு அது. காலையில் ஒருமுறை, மதியத்துக்கு மேல் ஒருமுறை மேகம் இறங்கி வந்து வாசலில் நிற்கும். அதை அங்கே மஞ்சு என்பார்கள். மஞ்சு வந்துவிட்டால் ஏரி போய்விடும், பாறைகள் போய்விடும், நீட்டிய கை போய்விடும். கொஞ்ச நேரம் கழித்து எல்லாம் திரும்பி வரும், ஒன்றுமே நடக்காதது போல.

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கப் புறப்பட்டவர்கள், முதல் மாதத்திலேயே முழி பிதுங்கி, யாரோ சொன்னார்கள் என்று மரகதத்தைத் தேடி மலையேறுவார்கள். சிகாமணியைவிட மரகதத்துக்கு இரண்டு மூன்று வயது குறைவாகத்தான் இருக்கும். ஆனாலும் மேலே வருகிறவர்கள் எல்லாருக்கும் அவர் அக்காதான். தன் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமலே வளர்த்தவர். எப்படி என்று கேட்டால் கஞ்சி ஊற்றுவார்.

சிகாமணியின் கதை இதுதான்.

அவருடைய மகள் நிறைமதிக்கு ஆறு வயது. ஒருநாள் வகுப்பில், வெளியே மழை நின்றதைப் பார்த்து, "மழைக்குக் கால் வலிக்குமா?" என்று கேட்டிருக்கிறாள். டீச்சர் அவளை எழுப்பி நிற்க வைத்துவிட்டார். மணி அடிக்கும்வரை நின்றிருக்கிறாள். வீட்டுக்கு வந்து அதே கேள்வியை அப்பாவிடம் கேட்டாள்.

"வலிக்குமாப்பா?"

சிகாமணி மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார். தானும் வாத்தியார் வேலையை விட்டார். இனி இவளுக்கு நானே பள்ளிக்கூடம் என்றார்.

நானே பள்ளிக்கூடம் என்று சொல்கிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாகத்தான் இருக்க வேண்டும். சிகாமணி சொன்னபடியே செய்தார். முன்னறையில் கரும்பலகை மாட்டினார். பழைய பள்ளியில் ஓரமாகக் கிடந்த மணியைக் கேட்டு வாங்கி வந்து ஜன்னலில் கட்டினார். பாட வேளை, இடைவேளை, உணவு வேளை எல்லாம் வகுத்தார். பாடம் விளையாட்டாகிவிடக் கூடாது என்று ஒரு விதியும் போட்டார். மணி அடித்த பிறகு அவர் அப்பா இல்லை, ஐயா.

தினமும் காலையில் வருகை எடுப்பார்.

ஒரே ஒரு பிள்ளை. இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும். அவர் நின்றுகொண்டு சுவரைப் பார்த்து, "நிறைமதி" என்பார்.

"உள்ளேன் ஐயா."

பிள்ளை நன்றாகப் படித்தது. வாய்ப்பாடு வந்தது, கையெழுத்து அழகானது. கேள்விகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. போனது எப்போது என்று அவருக்கே தெரியவில்லை.

"இப்ப ஒண்ணுமே கேக்குறதில்லையா?" என்றார் மரகதம்.

"கேக்குறா. ஐயா தண்ணி குடிக்கலாமா, ஐயா வெளிய போகலாமா. அவ்வளவுதான்."

மரகதம் கஞ்சியை இறக்கி வைத்தார். வாசலுக்கு அப்பால், ஆட்டுக்குட்டி ஒன்றின் காதைப் பிடித்தபடி நிறைமதி உட்கார்ந்திருந்தாள். குட்டி ஏதோ சொல்வதைப் போலவும், அவள் தலையாட்டிக் கேட்பதைப் போலவும் இருந்தது.

சிகாமணி குரலைத் தாழ்த்தினார்.

"இன்னொண்ணும் கேட்டாக்கா."

"என்ன?"

"போன வாரம் பாட நேரத்துல, சாக்பீஸ் எடுக்கப் போனவ படியில விழுந்துட்டா. முட்டி கிழிஞ்சு ரத்தம். எந்திரிச்சு வந்து என் முன்னால நின்னா. உதடு நடுங்குது. 'ஐயா, அழலாமா'ன்னு கேட்டா."

மரகதம் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

சிகாமணி மகள் இருந்த பக்கம் பார்த்தார்.

"இடைவேளை வரட்டும்னேன்."

"வந்துச்சா?"

"வந்துச்சு. அவ அழலை."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மகளைப் பள்ளியிடமிருந்து காப்பாற்றி எங்கே கொண்டுவந்து விட்டோம் என்று நினைத்தார். இப்படியே போனால் அவள் தனக்கு இல்லாமல் போய்விடுவாள் என்று பயமாக இருந்தது.

"நான் எங்கேருந்து ஆரம்பிக்கணும்க்கா? அதை மட்டும் சொல்லுங்க."

மரகதம் வாயைத் திறந்தார். அதற்குள் மஞ்சு வந்துவிட்டது.

வாசலும் ஆட்டுக்குட்டியும் மகளும் வெள்ளைக்குள் மங்கினார்கள். எங்கேயோ தூரத்தில், மேலேயா கீழேயா என்று தெரியாமல், ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"யாராச்சும் இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றார் மரகதம். சத்தமாகக்கூட இல்லை. இருந்த இடத்திலிருந்து அசையவும் இல்லை.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்."

குரல் கூப்பிட்டது, மரகதம் பதில் சொன்னார். மறுபடி கூப்பிட்டது, மறுபடி சொன்னார். நடுவில் கஞ்சிக்கு உப்புப் போட்டார். கொஞ்ச நேரத்தில் மஞ்சுக்குள்ளிருந்து விறகுக்கட்டு ஒன்று வந்தது. அதற்குக் கீழே ஒரு பெண் வந்தாள். மரகதத்தைப் பார்த்துச் சிரித்தாள், வழி பிடிபட்டதும் அப்படியே போய்விட்டாள்.

"போய்க் கூட்டிட்டு வந்திருக்கலாமே," என்றார் சிகாமணி.

"மஞ்சுல தேடிப் போனா ரெண்டு பேரும் தொலைஞ்சுருவோம். நாம கத்துனாலும் ஆகாது. சத்தம் பாறையில பட்டுத் திரும்பும், அவங்க பதறி எந்தப் பக்கமோ ஓடிருவாங்க. தொலைஞ்சவங்கதான் கூப்பிடணும். இருக்கிறவங்க இருந்த இடத்துலயே இருந்து பதில் சொல்லணும். இந்த மலையில அதுதான் வழக்கம்."

ஆட்டுக்குட்டியின் காதைப் பிடித்தபடி நிறைமதி இதையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சிகாமணி பொறுத்துப் பார்த்தார். மரகதம் கஞ்சியை ஊற்றிக் கொடுத்தார்.

"அக்கா, நான் கேட்டதுக்குப் பதில்?"

"சொல்லிட்டேனே," என்றார் மரகதம்.

மறுநாள் காலையில் மரகதம், "உங்க பள்ளிக்கூடத்தை இங்க நடத்துங்க வாத்தியாரே, பாக்கணும்," என்றார்.

சிகாமணிக்கு அது போதும். மணியை மரக்கிளையில் கட்டினார். அடித்தார். ஏரியில் இருந்த கொக்குகள் எழுந்து போயின. நிறைமதி ஓடி வந்து பாறைமேல் நேராக உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் மரகதமும் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார்.

"நிறைமதி."

"உள்ளேன் ஐயா."

"மரகதம்."

பதில் இல்லை.

"மரகதம்," என்றார் சிகாமணி மறுபடி. பள்ளியில் பழகிய குரல் தானாக வந்துவிட்டது.

"இன்னும் வரலைங்க ஐயா," என்றார் மரகதம். "அந்தக் கொக்குகூடப் போயிருக்கேன். வந்ததும் சொல்றேன்."

நிறைமதி சிரித்துவிட்டாள். சிரித்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

அந்தச் சிரிப்பைக் கேட்டுச் சிகாமணிக்குச் சந்தோஷம் வந்தது. அது தன்னால் வரவில்லையே என்று பொறாமையும் வந்தது.

"ஐயா, ஒரு சந்தேகம்," என்றார் மரகதம்.

"சொல்லுங்க."

"எங்க பேரை நீங்க கூப்பிடுறீங்க. உங்க பேரை யாரு கூப்பிடுவா?"

"நான் வாத்தியார். என் பேரை எதுக்குக் கூப்பிடணும்?"

"நீங்க வந்திருக்கீங்களான்னு எங்களுக்குத் தெரியணுமே."

விளையாட்டுக்குப் பேசுகிறார் என்று நினைத்துச் சிகாமணி பாடத்தை ஆரம்பித்தார். கூட்டல் நடந்தது. ஆத்திசூடி நடந்தது. மரகதம் கொட்டாவி விட்டார். நிறைமதி விடவில்லை. இடைவேளை மணி அடித்ததும், "ஐயா, ஏரியைப் பாக்கலாமா?" என்று கேட்டாள். பாக்கலாம் என்றார். போனாள்.

அன்றைக்கு மஞ்சு நேரம் பார்த்து வரவில்லை, முன்னாலேயே வந்துவிட்டது.

சிகாமணி கையிலிருந்த சாக்பீஸ் பொடியைத் தட்டிவிட்டு நிமிர்ந்தபோது ஏரி இல்லை. கரை இல்லை. கரையில் நின்ற சின்னப் பாவாடை இல்லை.

மணியை அடித்தார். மணியோசை வெள்ளைக்குள் போய் எங்கேயோ அமுங்கியது. யாரும் ஓடி வரவில்லை.

"நிறைமதி," என்று கத்தினார்.

"உள்ளேன் ஐயா."

இடது பக்கம். அந்தப் பக்கம் ஓடினார். பாறை வந்தது. பிள்ளை இல்லை.

"நிறைமதி."

"உள்ளேன் ஐயா."

இப்போது வலது பக்கம், கொஞ்சம் மேலே, யாரோ கனவில் சொல்வதைப் போல. அங்கே ஓடினார். புதர்தான் இருந்தது.

அவர் கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் அவள் பதில் சொன்னாள். ஒருமுறைகூடத் தவறவில்லை. அவள் கற்றுக்கொண்டது அப்படி. பெயரைக் கூப்பிட்டால் உள்ளேன் என்று சொல்ல வேண்டும், சொல்லிவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவு நல்ல மாணவியைச் சிகாமணி தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. அதை நினைத்தபடியே மறுபடி ஓடினார்.

கல் தடுக்கி விழுந்தார். முட்டி கிழிந்தது.

தோளில் ஒரு கை விழுந்தது. மரகதம்.

"நிறைமதி அப்பா," என்றார். இதுவரை அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. "உக்காருங்க."

"ஏரிக்கா... ஏரி பக்கத்துல..."

"ஏரியில அவ முட்டி அளவுதான் தண்ணி. ஆட்டுக்குட்டி இறங்கிக் குளிக்கும். உக்காருங்க."

"கூப்பிடாம எப்படிக்கா வருவா?"

"இந்த மலையில யாரு கூப்பிடணும்?"

சிகாமணி வாயை மூடினார். ஈரப் பாறையில் உட்கார்ந்தார். அவர் கையில் இன்னும் மணி இருந்தது. கிளையிலிருந்து எப்போது பிய்த்து எடுத்தார் என்று தெரியவில்லை. மரகதம் அதை வாங்கி, அதன் நாக்கைப் பிடித்துக்கொண்டு, மடியில் வைத்துக்கொண்டார்.

சத்தமெல்லாம் அடங்கியது.

மஞ்சு அவர் முகத்தில் பட்டுத் தண்ணீராய் வழிந்தது. புல்நுனியில் நீர்த்துளி கனத்து விழும் ஓசை கேட்டது. எங்கேயோ ஒரு தவளை பேச ஆரம்பித்து நிறுத்தியது. பாதி உலகம் கரைந்துபோய், மிச்சப் பாதி யோசித்துக்கொண்டிருப்பதைப் போல இருந்தது. எவ்வளவு நேரம் என்று சொல்ல மணியும் இல்லை.

அவள் கூப்பிடாமலே இருந்துவிட்டால்?

அந்த நினைப்பு வந்ததும் சிகாமணி அழுதார். முட்டியும் வலித்தது, மனசும் வலித்தது. அழலாமா என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. மரகதம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

தவளை மறுபடி ஆரம்பித்தது.

அதற்கும் பின்னால், மஞ்சின் அடியிலிருந்து, மெல்ல ஒரு குரல் வந்தது. கடைசி எழுத்தில் கொஞ்சம் ஏறி நின்றது. அந்த ஏற்றத்தைச் சிகாமணிக்குத் தெரியும். மழையைப் பற்றிக் கேட்ட அன்றும் அது அப்படித்தான் ஏறி நின்றது.

"அப்பா... இருக்கியா?"

சிகாமணி எழுந்து ஓடப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

"உள்ளேன் அம்மா," என்றார்.