உள்ளே போன லாரிகள்

"பயத்துல சோறு இறங்க மாட்டேங்குது மேடம். எப்படியாவது இதைப் போக்கிவிடுங்க" என்றார் தெய்வசிகாமணி.

மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். வந்த பணத்தில் பாதியை அரசூர்ப் பக்கத்து பவுண்டரி ஒன்றின் பங்கில் போட்டிருந்தார். இரும்பை உருக்கி பம்ப்செட் பாகங்கள் வார்க்கும் கம்பெனி. பங்கு விலை பாதியாகிவிட்டது. மீதிப் பணத்தையும் திங்கட்கிழமை அதிலேயே போட்டால் சராசரி விலை குறையுமே என்று ஒரு கணக்கு. மனைவிக்கு எதுவும் தெரியாது.

செலின் அவரைவிட இருபது வயது இளையவள். பவுண்டரிகளில் தரம் பார்க்கும் வேலையை விட்டுவிட்டு, பங்குகளைத் தரம் பார்க்க வந்தவள். பணம் போடுகிற பலருக்கும் அவள்தான் குரு. பேச்சில் மட்டும் மகா கஞ்சம்.

"கம்பெனியப் பாத்திருக்கீங்களா?"

"ஏழு வருஷத்து ஆண்டறிக்கையும் மனப்பாடமுங்க."

"கம்பெனிய?"

பார்த்ததில்லை. வீட்டிலிருந்து பத்தே கிலோமீட்டர்.

செலின் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

பவுண்டரி கேட்டுக்கு எதிரே போய் நின்றார்கள். ஒரு லாரி உள்ளே போனது. பின்னாலேயே இன்னொன்று. மதியத்துக்குள் ஐந்து போய்விட்டன. தெய்வசிகாமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பாத்தீங்களா மேடம், எத்தனை லோடு. வேலை ஜோரா நடக்குதுங்க."

"லோடுல என்ன?"

ஆறாவது லாரி கேட்டில் நின்றபோது கிட்டப் போய் எட்டிப் பார்த்தார். பம்ப்செட்டின் இரும்புக் கூடுகள். கடைசல் பிடித்த பக்கம் பளபளவென்று இருந்தது. அந்தப் பளபளப்பில் பொடிப்பொடியாக ஓட்டைகள். ஒவ்வொரு கூட்டின் மேலும் சிவப்பு பெயிண்டில் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள்.

திரும்பி வந்தவரின் குரல் இறங்கிவிட்டது.

"செஞ்ச சாமானுங்க."

"பவுண்டரிக்குள்ள என்ன போகணும்?"

"பழைய இரும்பு."

"செஞ்ச சாமான்?"

"வெளிய போகணும்."

செலின் உள்ளே போகும் லாரியைக் கைகாட்டினாள்.

"திரும்பி வந்ததை உருக்கி மறுபடி ஊத்திக்கலாமுங்களே" என்றார், கெஞ்சுவதுபோல.

"உருக்க என்ன வேணும்?"

முப்பத்துநாலு வருஷம் மின்வாரியத்தில் பில் போட்டவருக்கு, உலைக்கு ரெண்டாவது தடவை ஏறும் கரண்ட் பில்லைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இத்தனை நாள் பட்ட பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். அந்தப் பங்கு காலையிலிருந்து நாலு சதவீதம் ஏறியிருந்தது.

அவருக்குச் சந்தோஷம் வரவில்லை.

"மேடம், இதைப் போய் யாருங்க இப்ப வாங்குறது?"

செலின் ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

"திங்கக்கிழமை நீங்க வாங்கறதா இருந்தீங்கல்ல? அந்த மாதிரி ஒருத்தரு."