கொட்டுப் பருத்தி

"அந்தச் சொல் நம்மளது இல்லையாம், கோப்பம்மா!"

வரப்பில் நின்றபடியே சொன்னார் தர்மகண். வந்தவர் ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை.

கோப்பம்மாள் நிமிரவில்லை. காடு முழுக்கப் பருத்தி வெடித்துக் கிடந்தது. வெயில் ஏறிவிட்டால் சருகு நொறுங்கிப் பஞ்சில் ஒட்டும். அதற்குள் எடுத்தாக வேண்டும்.

தர்மகண் யாரென்று சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வருஷம் காலேஜில் இங்கிலீஷ் நடத்தியவர். ஓய்வுபெற்றதும் அகராதி எழுத உட்கார்ந்தார். இடது பக்கம் இங்கிலீஷ், வலது பக்கம் தமிழ். நாற்பதாயிரம் சொல், ஆறு வருஷ உழைப்பு.

காட்டு வேலைச் சொல் ஒன்றுகூடத் தனக்குத் தெரியாது என்பது அவருக்கு நடுவில்தான் உறைத்தது. கோவில்பட்டிக்குக் கிழக்கே இந்தக் கரிசல் காட்டைத் தேடி வந்தார். பருத்தி எடுப்புக்கு ஆள் கூட்டிப் போகிற கோப்பம்மாளிடம் பாடம் கேட்க ஆரம்பித்தார்.

அவருக்கு அறுபத்தைந்து. அவளுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. குரு யார், சீடன் யார் என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகமே கிடையாது.

"எந்தச் சொல்லு வாத்தியாரய்யா?"

"காட்டன்."

"அதுக்கு என்ன வந்துச்சு இப்ப?"

"அரபிக்காரங்க சொல்லாம். பருத்தியை 'குத்ன்'னு சொல்லியிருக்காங்க. அங்கேருந்து பிரெஞ்சுக்காரன் வாய்க்குப் போயி, அப்புறம் இங்கிலீஷுக்கு வந்திருக்கு. என்கிட்டப் படிச்ச பொண்ணு நேத்து போன்ல சொன்னா. நான் எல்லாப் புத்தகத்தையும் புரட்டிட்டேன். அவ சொன்னதுதான் சரி."

"சரின்னா சரிதான். அதுக்கு ஏன் மூஞ்சி இப்படித் தொங்குது?"

தர்மகண் வரப்பை விட்டு இறங்கி அவள் பக்கத்தில் வந்தார்.

"போன மாசம் தமிழ் மன்றத்துல ஒரு மணி நேரம் பேசினேன். காட்டன்கிறது நம்ம மண்ணுல பொறந்த சொல்லுன்னு அடிச்சுச் சொன்னேன். எல்லாரும் எந்திரிச்சு நின்னு கைதட்டினாங்க. இந்தப் பொன்னாடையைப் போர்த்துனாங்க."

வெயிலுக்குத் தலையில் சுற்றியிருந்தார் அதை. கோப்பம்மாள் அப்போதுதான் நிமிர்ந்து, அதன் முனையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"இது பாலியெஸ்டருல்லா!"

"தெரியும்மா."

"பருத்தியப் பத்திப் பேசுனதுக்கா?"

நிரை நிரையாய்ப் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். தர்மகண்ணுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை.

"மத்தியானம் அந்தச் சொல்லு வர்ற பக்கம் அச்சுக்குப் போகுது கோப்பம்மா. நம்ம சொல்லுன்னு போட்டா அது பொய். அரபின்னு போட்டா, கைதட்டுனவங்க முன்னாடி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நடமாடுவேன்? ஏதாவது ஒரு பழைய சொல் எடுத்துக் கொடுங்க. அதைப் பிடிச்சுக்கிட்டு எப்படியாவது நம்மளதுன்னு முடிச்சுடறேன்."

கோப்பம்மாள் ஒரு பழைய சேலைத் துண்டை எடுத்து நீட்டினாள்.

"மடியைக் கட்டுங்க."

"நான் வந்த விஷயம்..."

"கட்டுங்கன்னேன்."

கட்டினார். குனிந்தார். இங்கே வர ஆரம்பித்ததிலிருந்து இதைப் பத்துத் தடவை பார்த்திருக்கிறார், ஒரு தடவைகூட எடுத்ததில்லை. முதல் நிரை முடிவதற்குள் இடுப்பு போயிற்று. இரண்டாவது நிரையில் விரல் பழகியது. மூன்றாவது முடிந்தபோது மடி எட்டு மாதக் கர்ப்பிணி வயிறு மாதிரி இருந்தது. மனுஷனுக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது.

"பாருங்க!"

கோப்பம்மாள் அவர் மடிக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டாள். அடியில் துழாவி ஒரு சுளையை எடுத்தாள். பழுப்பாய், பூச்சி அரித்து, பிசுபிசுவென்று இருந்தது.

"இதுக்கு என்ன பேரு?"

"கொட்டுப் பருத்தி."

"உங்க புத்தகத்துல இதுக்கு என்ன எழுதியிருக்கீங்க?"

மனப்பாடமாய்ச் சொன்னார். "கறைபட்ட பருத்தி. நல்லதோடு சேர்க்காமல் தனியே எடுத்து வைப்பது."

"யாரு சொல்லி எழுதுனீங்க?"

"நீங்க சொல்லித்தான்."

அவள் இடுப்பின் வலப்பக்கம் பெரிய மடி. இடப்பக்கம் சின்னதாய் இன்னொன்று. அந்தச் சின்னதில்தான் கொட்டு. அங்கே இருந்த எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான் இருந்தது. தர்மகண்ணுக்கு மட்டும் ஒரே மடி.

"நாலு சுளைதானே இருக்கும்..." என்று இழுத்தார்.

"நாலையும் உள்ள வச்சு அமுக்கிட்டீங்களே. கறை எது வரைக்கும் போயிருக்குன்னு இப்ப யாரு பார்க்கிறது?"

அவர் மடியை அவிழ்த்தாள். அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கொட்டுப் பருத்திக் குவியலில் கவிழ்த்தாள்.

"ஐயையோ! அவ்வளவும் நல்ல பருத்தியாச்சே!"

"நல்ல பருத்தியாத்தான் இருந்துச்சு."

வெறும் துணி இடுப்பில் தொங்க, தர்மகண் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாற்பதாயிரம் சொல்லு... ஒரே மடி..." என்று முனகினார்.

கோப்பம்மாள் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கத்தில் வைத்தாள்.

குடித்தார். குடித்த பிறகும் அவருக்கு ஆறவில்லை.

"பொய் எழுத மாட்டேன், கோப்பம்மா. அது முடிஞ்சுபோச்சு. ஆனா வயிறு எரியுது. இம்புட்டு விளைஞ்ச மண்ணு இது. உலகமே கூப்பிடுற பேரு மட்டும் எவனோ வச்சதா இருக்கே!"

கோப்பம்மாள் அவருக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அந்த இங்கிலீஷ்காரங்க ஊர்ல இந்தச் செடிக்கு என்ன பேரு?"

"காட்டன்."

"இந்தப் பஞ்சுக்கு?"

"காட்டன்."

"தைக்கிற நூலுக்கு?"

"அதுவும் காட்டன்தான்."

"நெய்ஞ்ச துணிக்கு?"

"காட்டன்."

"ஊசி போட்டுட்டு வச்சுத் தேய்க்கிறாங்களே, அதுக்கு?"

"காட்டன்." கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டார். "தொழில்காரங்ககிட்ட தனித்தனிப் பேரு உண்டும்மா. அதை மறைக்கக் கூடாது. ஆனா ஊர் சனம் சொல்றது எல்லாத்துக்கும் காட்டன்தான்."

"பாவம்!" என்றாள் கோப்பம்மாள். மெய்யாகவே இரக்கப்பட்டுத்தான் சொன்னாள். "விளையாத ஊரு, பஞ்சு கட்டாக் கட்டி வாசல்ல வந்து இறங்கியிருக்கும். வந்ததை ஒரே பேருல கூப்பிட்டிருக்காங்க. அவங்க வேற என்ன செய்வாங்க?"

எழுந்தாள். முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். காட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏளா சீனியம்மா! பூக்கிறதுக்கு முந்தி மொக்கு விடுதே, அது என்னது?"

"சப்பை!" என்று பதில் வந்தது.

"பூ உதிர்ந்தா?"

"பிஞ்சு! முத்துனா காய்!" இது வேறொருத்தி.

"வெடிச்சா?"

"சுளை!"

"சுளையை எடுத்துட்டா நிக்கிறது?"

"தோடு!"

இப்போது யாரும் கேட்கவில்லை. காட்டின் நாலு மூலையிலிருந்தும் பெண்கள் தாங்களாகவே எறிந்தார்கள். "கொட்டை!" "பஞ்சு!" "திரிச்சா திரி!" "நூத்தா நூலு!" "கொட்டையை ஆட்டினா பருத்திப்பாலு!" "பாலெடுத்த சக்கை மாட்டுக்கு!" "காஞ்ச செடி மாரு, அடுப்புக்கு!" ஒருத்தி சொல்லி முடிப்பதற்குள் இன்னொருத்தி முந்தினாள். யார் கையும் நிற்கவில்லை. வலது மடிக்கு வெள்ளை, இடது மடிக்குப் பழுப்பு என்று பிரிந்து பிரிந்து போய்க்கொண்டே இருந்தது.

தர்மகண் எழுந்து நின்றுவிட்டார். தலையில் இருந்த பொன்னாடை நழுவி வரப்பில் விழுந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

சட்டைப் பையில் போன் அடித்தது. அச்சகத்துக்காரர்.

"சார், காட்டன் பக்கம் ஏத்தலாமா? நம்ம சொல்லுன்னுதானே போடணும்?"

"அரபிச் சொல். அப்படியே போடுங்க."

"மன்றத்துல நீங்க வேற மாதிரி பேசுனீங்களே சார்? நானும் கைதட்டினேனே!"

"தப்பாப் பேசினேன். அதே மேடையில ஏறி, தப்புன்னு சொல்வேன். நீங்களும் வாங்க."

எதிர்முனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"சரி சார். இடது பக்கம் ஒரு வரி விட்டிருக்கேன்."

"அது போதும். வலது பக்கம்?"

"அதுக்கும் ஒரு வரிதான்."

தர்மகண் காட்டைப் பார்த்தார். கடைசி நிரையில் யாரோ இன்னொரு பேரைக் கூவினார்கள்.

"பத்தாது," என்றார். குரல் கம்பீரமாய் வந்தது. "வலது பக்கம் முழுசையும் காலியா வைங்க. இவங்க இன்னும் சொல்லி முடிக்கலை."