நாலரை மணிப் படகு

காத்தமுத்துவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் ஒரு காலைக் கப்பலிலும் ஒரு காலைப் படகிலும் வைத்து நின்றுகொண்டிருந்தார்.

மாலுமி ஒருவன் அவர் தோளைத் தொட்டு, உள்ளே வாருங்கள், இல்லையென்றால் இறங்குங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். அவர் இரண்டையும் செய்யவில்லை.

பதினோரு வருடங்களுக்கு முன் நடந்தது இது.

சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் மகள் எங்களுக்கு நான்கு நாள் கப்பல் பயணம் எடுத்துக் கொடுத்திருந்தாள். பினாங்கு, பிறகு தாய்லாந்தில் புக்கெட், திரும்பவும் சிங்கப்பூர். எனக்கும் என் மனைவி தெய்வானைக்கும் அதுதான் முதல் கப்பல். நான் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் முப்பத்தாறு வருடம் தகரம் வளைத்தவன்.

காத்தமுத்து சிங்கப்பூர்க்காரர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். என்னைவிட மூன்று வயது இளையவர். அவருக்கு அது நாற்பத்தோராவது கப்பல். காலையில் அவர் மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஈப்போவிலிருந்து வந்த லில்லி என்ற ஓய்வு பெற்ற நர்ஸ் அவரைக் 'குருவே' என்று கூப்பிடுவார். அவரோடு போன முதல் பயணத்தில் கேலியாகத்தான் ஆரம்பித்தாராம். இரண்டாம் நாளே கேலி போய்விட்டதாம். பெயர் நின்றுவிட்டது.

"குருவே, வயித்தைப் பிரட்டுது."

"பச்சை ஆப்பிள் தின்னுங்க. கடல் முடியிற கோட்டைப் பார்த்துக்கிட்டு உக்காருங்க."

"அடுத்த தடவை எந்த அறை எடுக்கலாம்?"

"கீழ்த்தட்டு, நடுக்கப்பல். பஸ்ஸுல கடைசி சீட்டுல உக்காந்தா தூக்கிப் போடும்ல? அதே கதைதான்."

என்னிடம் திரும்பினார்.

"பாஸ்போர்ட், மாத்திரை, ஆளுக்கு ஒரு மாத்துத் துணி. ஒரு சின்னப் பையில போட்டு அறைக்கதவுக்குப் பின்னால மாட்டிடுங்க, அண்ணே."

"தீப்பிடிச்சா தூக்கிட்டு ஓடவா?" என்று லில்லி சிரித்தார்.

"ஓடாம இருக்க."

பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தார்.

"நல்லது, கடிகாரம் இருக்கு. கப்பல் நேரத்தை வச்சுக்கங்க. போனை நம்பாதீங்க. கரையில இறங்கினா அது கரை நேரத்துக்கு மாறிடும். கப்பல் மாறாது. அண்ணிக்குக் கடிகாரம்?"

"அவ என்கூடத்தானே இருப்பா," என்றேன்.

"எனக்கு எதுக்கு?" என்றாள் தெய்வானை. "நிமிஷத்துக்கு ஒரு தடவை இவரே மணி சொல்லுவார்."

மேசை சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று மாலையே பையை மாட்டினேன். அவர் சொன்னதில் எதையும் விடக்கூடாது என்று இருந்தேன்.

பினாங்கில் கப்பல் துறைமுகத்தை ஒட்டியே நின்றது. கிளம்பும் நேரத்தில் ஒரே ஆரவாரம். எல்லோரும் மேல்தட்டுக் கம்பியருகே ஓடினார்கள். கீழே ஒரு கணவனும் மனைவியும் பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். அவளுடைய செருப்பு ஒன்று கழன்றது. எடுக்கத் திரும்பினாள். கணவன் திரும்பவில்லை.

கப்பல் பயணத்தில் இது ஒரு வேடிக்கையாம். எல்லாக் கப்பலிலும், எல்லாத் துறைமுகத்திலும் யாராவது இப்படி ஓடி வருவார்களாம். மேலிருந்து கை தட்டுவார்களாம். நானும் தட்டினேன். நன்றாகவே தட்டினேன்.

இருவரும் ஏறிவிட்டார்கள். மேசைக்குத் திரும்பி வந்தபோது காத்தமுத்து கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"குரு ஒரு தடவைகூட வந்து பார்க்க மாட்டார்," என்றார் லில்லி. "எட்டுக் கப்பல் கூடப் போயிட்டேன். நானும் பார்க்கிறேன்."

"ஏன் சார்?" என்று கேட்டேன்.

"பார்த்தாச்சு."

"எப்போ?"

"கண்ணாடியில."

டீயைக் கலக்கினார். பிறகு சொன்னார்.

"ஒரு நாள் நல்ல மழை. பஸ் கதவை மூடிட்டேன். ஒரு பொம்பளை வந்து கதவைத் தட்டுச்சு. மூடினதைத் திறக்கக்கூடாது, அது ரூல். எடுத்துட்டேன். கண்ணாடியில பார்த்தா பின்னாலயே ஓடி வருது. சிக்னல் வரைக்கும் வந்துச்சு."

"அப்புறம்?"

"பச்சை விழுந்துடுச்சு."

"எங்க போகணுமாம் அவளுக்கு?"

"அதான் தெரியலை, அண்ணே. இருபத்திரண்டு வருஷமாச்சு."

"ரூல்படி சரிதானே, குருவே," என்றார் லில்லி.

"சரிதான்."

பஸ்ஸின் பக்கக் கண்ணாடிக்கு நான் எத்தனையோ தடவை துளை போட்டிருக்கிறேன். அதில் என்ன தெரியும் என்று யோசித்ததில்லை.

மறுநாள் புக்கெட். அங்கே கப்பல் கரைக்கு வரவில்லை. கடலிலேயே நங்கூரம் போட்டு நின்றது. சிறு படகுகளில் எங்களைக் கரைக்குக் கொண்டு போனார்கள். கரையிலிருந்து கடைசிப் படகு நாலரை மணிக்கு. கப்பல் ஐந்து மணிக்குக் கிளம்பும்.

கடைத்தெருவைச் சுற்றினோம். கோயில் ஒன்றைப் பார்த்தோம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். மூன்று மணிக்கு, போதும், படகுக்குப் போகலாம் என்றேன்.

தெய்வானை மணலில் நின்றுவிட்டாள்.

"மூணு நாளா கடல் மேலேயே இருக்கேன். இன்னும் கால் நனையலை."

"நேரம் இல்லை."

"நாலரைக்குத்தானே படகு?"

"கடைசி நேரத்துல ஓடணுமா? நேத்து பார்த்தல்ல?"

"நான் ஓட மாட்டேன். நடந்தே வருவேன். கொஞ்சம் நில்லுங்க."

"நாலரை. நீயே வந்து சேரு."

சொல்லிவிட்டு நடந்தேன். கடிகாரம் என் கையோடு வந்துவிட்டது.

கப்பலில் ஏறி, குளித்து, மேல்தட்டுக்குப் போனேன். வழக்கமான மேசை. அண்ணி எங்கே என்று காத்தமுத்து கேட்டார். வருவாள் என்றேன். லில்லி கரையில் எடுத்த படங்களைத் தன் போனில் காட்டினார். ஒரு படம், இன்னொரு படம்.

"அட, மணி மூணுதான் ஆகுதா? நேரமே போக மாட்டேங்குது," என்றார்.

என் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு மணி மூன்று நிமிடம்.

"லில்லி, உங்க போன் என்ன சொல்லுது?"

"மூணு மூணு."

"குரு சொன்னாரே, அது கரை மணி," என்று பக்கத்தில் ஒருவர் சிரித்தார்.

நான் எழுந்துவிட்டேன். தெய்வானையிடம் இருந்தது போன் மட்டும். மகள் கொடுத்த சிம் அது. தாய்லாந்தில் பேச முடியாது, மணி மட்டும் தானாக மாறிக்கொள்ளும். அவள் போனில் நாலரை ஆகும்போது கப்பலில் ஐந்தரை. அவளுக்குத் தமிழ் தவிர வேறு பேச்சு தெரியாது. பாஸ்போர்ட்டும் ரத்த அழுத்த மாத்திரையும் அறையில், கதவுக்குப் பின்னால், பையில்.

கீழே, படகு கட்டியிருக்கும் வாசலுக்குப் போனேன். ஒரு பெண் அதிகாரி நின்றாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் கையிலிருந்த கருவியில் கரைக்குப் பேசினாள். படகுத்துறையில் அப்படி யாரும் இல்லை என்று பதில் வந்தது.

"இந்தப் படகு இப்போது போய் நாலரைக்குத் திரும்பும். அதுதான் கடைசி," என்றாள். "நீங்கள் பயப்பட வேண்டாம். கரையில் எங்கள் ஏஜெண்ட் இருக்கிறார். உங்கள் மனைவியின் பாஸ்போர்ட்டைக் கொடுத்தால் அவரிடம் அனுப்பிவிடுவோம். விமானத்தில் ஏற்றிவிடுவார். நீங்கள் கப்பலிலேயே சிங்கப்பூர் வந்துவிடலாம். இப்போது இறங்கினால் நீங்களும் திரும்ப முடியாமல் போகலாம்."

அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். தவறாக எதுவும் சொல்லவில்லை. கேட்டதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதையும் எழுதிவிட வேண்டும்.

காத்தமுத்து படியிறங்கி வந்தார்.

"கேப்டன்கிட்டச் சொன்னா கொஞ்சம் நிறுத்த மாட்டாரா, சார்?"

"மாட்டார். ரெண்டாயிரம் பேர் இருக்காங்க. அவரைக் குத்தம் சொல்ல முடியாது."

"ஏஜெண்ட் பார்த்துப்பாராம்."

"பார்த்துப்பார். நல்லாவே பார்த்துப்பாங்க."

"அப்போ நான் இங்கயே இருந்து என்ன செய்யலாம்?"

"மேல போய்க் கை தட்டலாம்."

அவர் குரல் உயரவில்லை. படகின் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மாலுமி கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான்.

"பை?" என்றார் காத்தமுத்து.

"அறையில."

"எடுத்துட்டு வாங்க."

"படகு எடுக்கப் போறாங்களே!"

அவர் வாசலுக்குப் போனார். ஒரு காலைத் தூக்கிப் படகில் வைத்தார். இன்னொரு காலைக் கப்பலிலேயே வைத்துக்கொண்டார். அப்படியே நின்றுவிட்டார்.

நான் ஓடினேன். மின்தூக்கி முன்னால் கூட்டம். படியேறினேன். எல்லாத் தளமும் ஒரே மாதிரி, ஒரே கம்பளம், ஒரே கதவு. தவறான பக்கம் திரும்பி, பாதி தூரம் போய், திரும்பி ஓடினேன். சாவி அட்டை முதல் தடவை கதவைத் திறக்கவில்லை.  இரண்டாவது தடவை திறந்தது. பையைக் கழற்றினேன்.

திரும்பி வந்தபோது அவர் அதே நிலையில் நின்றார். முட்டியைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்து மலாயில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மாலுமி கெஞ்சினான். பெண் அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"என்ன ஆச்சு, சார்?"

"கால் இழுத்துக்கிச்சுன்னு சொல்லியிருக்கேன். ஏறுங்க."

அவர் காலைத் தாண்டிப் படகில் குதித்தேன். உடனே அவருக்குக் கால் சரியாகிவிட்டது. பின்னால் நகர்ந்தார். அவர் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. கயிறு விழுந்தது. அவர் கையசைக்கவில்லை. நானும் அசைக்கவில்லை.

கரையை அடைந்தபோது நாலு இருபத்தேழு. படகுத்துறையில் பதினைந்து பேர் ஏறக் காத்திருந்தார்கள். தெய்வானை இல்லை.

"மூன்று நிமிடம்," என்றான் மாலுமி.

மணலில் ஓடினேன். அவளை விட்டுவந்த இடம் பத்து நிமிட நடை. பை தோளில் அடித்தது. மூச்சு முட்டியது. ஒரு குடைக் கடையைத் தாண்டும்போது கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு முப்பத்தொன்று. பின்னால் படகு கிளம்பும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு ஓடவில்லை. ஓட எதுவும் மீதி இல்லை. நடந்தேன்.

அவள் அதே இடத்தில் முழங்காலளவு நீரில் நின்றாள். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். இரண்டு செருப்பையும் ஒரு கையில் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"வந்துட்டீங்களா மணி சொல்ல? இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு." போனை நீட்டினாள். மூன்று முப்பத்தெட்டு.

நான் பையை மணலில் வைத்தேன். பேன்ட்டை மடித்துவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு கடலைப் பார்த்தாள். என் கடிகாரத்தில் ஐந்து ஆகும் வரை அப்படியே நின்றோம். எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"அது நகருதா?" என்றாள்.

"ஆமாம்."

"நம்ம கப்பலா?"

"ஆமாம்."

"ஐயோ! நீங்க ஏறலையா?"

"ஏறினேன்."

அவள் திரும்பி மணலில் கிடந்த பையைப் பார்த்தாள். என் மணிக்கட்டைப் பார்த்தாள். தன் போனைப் பார்த்தாள். எல்லாம் புரிந்தது அவளுக்கு. திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"மாத்திரை எடுத்துட்டு வந்தீங்களா?" என்றாள்.

"பையில இருக்கு."

"சரி," என்றாள். கையிலிருந்த செருப்புகளை என்னிடம் கொடுத்துவிட்டு இன்னும் இரண்டடி உள்ளே போனாள்.

இரண்டு நாள் கழித்து விமானத்தில் சிங்கப்பூர் வந்தோம். ஏஜெண்ட் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். மகள் வீட்டிலிருந்து முதலில் லில்லிக்குப் பேசினேன். அன்று கப்பல் கிளம்பியபோது காத்தமுத்து லில்லியின் பைனாகுலரை வாங்கிக்கொண்டு மேல்தட்டுக் கம்பியருகே போய் நின்றாராம். கரை மறையும் வரை நின்றாராம். குருவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று எல்லோரும் பயந்துவிட்டார்களாம்.

பிறகு அவருக்குப் பேசினேன். நன்றி சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. அண்ணிக்குக் கால் நனைந்ததா என்று கேட்டார். நனைந்தது என்றேன்.

"நாப்பது கப்பல்ல ஒரு தடவைகூடக் கம்பிகிட்டப் போகலையாமே. அன்னிக்கு மட்டும் ஏன் போனீங்க, சார்?"



"அன்னிக்குத்தான் யாரும் ஓடலையே, அண்ணே."

அடுத்த பங்குனியில் அவர் இறந்துபோனார். லில்லிதான் சொன்னார். தெய்வானை போய் நான்கு வருடங்கள் ஆகின்றன.

அந்தப் பை என் அறைக்கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. அதில் இரண்டு பாஸ்போர்ட் இருக்கிறது.