இருவாச்சி பொந்தை அடைத்த கதை

பறவைகளெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஆனைமலைக் காட்டு இருவாச்சிகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. அத்தி பழுத்தால் முதலில் ஆண்கள் தின்பார்கள், அப்புறம் குஞ்சுகள். கீழே விழுந்து அழுகியதுதான் பெண்ணுக்கு. முட்டையிடப் போகிறவளுக்கு அதுவும் அரைவயிறுதான்! நிறையத் தின்றால் உள்ளே முட்டை நசுங்கிவிடுமாம். எந்த மகராசன் சொன்னானோ!

கொம்பாயி என்ற இருவாச்சியின் மூத்த குஞ்சு, முதல்முதலாகப் பறந்த அன்றே சிறகு துவண்டு பள்ளத்தாக்கில் விழுந்து செத்தது. இப்போது மறுபடி முட்டையிடும் நேரம். இன்னொன்றைப் பறிகொடுக்க அவளுக்குத் தெம்பில்லை.

புருஷன் மாரப்பன் வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"ஏனுங்க, எனக்கு நாலு நல்ல பழம் கொண்டாந்தா என்னங்க?"

"முட்டை நசுங்கிப் போயிரும் புள்ள!"

"என்ற அம்மா பட்டினி கெடந்தா, என்ற றெக்கை சூம்பிப் போச்சு. நான் கெடந்தேன், என்ற புள்ள றெக்கை நிக்கவே இல்ல. இனிப் பேரப்புள்ளைக்கு றெக்கையே மொளைக்காதுங்க!"

மாரப்பன் கெக்கெக்கே என்று சிரித்தான். கொம்பாயிக்கு வந்ததே கோபம்! விருட்டென்று மரப்பொந்துக்குள் புகுந்தாள். உள்ளே கிடந்த ஈரமண்ணை அலகால் குழைத்து வாசலில் அப்பினாள். அலகு நுழையுமளவு ஒரு கீறல் மட்டும் மிச்சம்.

"மொதப் பழம் எனக்கு! இல்லாட்டி இங்கயே கெடந்து சாவேன்!"

மைனாக்கள் கூடிவிட்டன. "மாரப்பா, ஊட்டுக்காரி கதவச் சாத்திட்டாளா?" அவனுக்கு மானம் போயிற்று. ஆனால் உள்ளே சத்தமே இல்லாதபோது பயம் பிடித்துக்கொண்டது. பறந்தான்! உச்சிக் கிளையில் சிவந்திருந்த பழத்தைக் கொத்தினான். தானே தின்ன ஆசைதான், ஆனாலும் விழுங்கவில்லை. கொண்டுவந்து கீறலில் நீட்டினான்.

"இன்னொண்ணு!"

"இன்னொண்ணா?"

"ஆமாங்க. நசுங்குதான்னு பாத்துடலாம்!"

அத்தி பழுத்து ஓயும்வரை அவன் அலைந்தான். அவன் இளைக்க இளைக்க அவள் தேறினாள். முட்டை நசுங்கவில்லை, குஞ்சும் பொரிந்தது. ஒருநாள் மண்ணை உடைத்துக்கொண்டு குஞ்சு வெளியே வந்தது. பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்றது. பின்னாலேயே வெளியே வந்த கொம்பாயி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். குஞ்சு பாய்ந்தது! காடே கத்தியது: "தாண்டுது! தாண்டிருச்சு!" கொம்பாயி அழுதுகொண்டே சிரித்தாள்.

அது பெண்குஞ்சு. அவள் வளர்ந்து முட்டையிடும் நேரம் வந்தபோது, மாப்பிள்ளை வாய் திறக்குமுன் பொந்தை அடைத்துக்கொண்டாள். அவள் பெற்றவை மலையையே தாண்டின.

அன்று தொடங்கியதுதான் பெண் இருவாச்சி பொந்தை அடைத்துக்கொண்டு முட்டையிடுவதும், ஆண் தன் வாய்ப்பழத்தை அவளுக்கு ஊட்டுவதும், இருவாச்சி பறந்தால் காடே அதிரச் சிறகு சத்தமிடுவதும்.