மாதம்மா சிரித்த படம்

"டீச்சர், மாதம்மாவை எப்படி மறுபடி சிரிக்க வைக்கிறது?"

செருப்பைக் கூட ஒழுங்காகக் கழற்றாமல் பொன்னுரங்கம் இதைத்தான் முதலில் கேட்டார்.

சகாயமேரி தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார். "உட்காருங்க சார். தண்ணி குடிங்க."

"தண்ணியெல்லாம் வேண்டாம் டீச்சர். நீங்க பதில் சொல்லுங்க."

இந்தக் கதையில் சீடருக்குத்தான் வயது அதிகம். பொன்னுரங்கம் பொதுப்பணித் துறையில் காலமெல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஓய்வு பெற்றவர். நேர்கோடு சலித்துப்போய்க் கோணல் கோட்டுக்கு ஆசைப்பட்டார். சகாயமேரியோ கல்லூரிக் காலத்திலிருந்தே பத்திரிகைகளுக்கு அரசியல் கார்ட்டூன் போட்டு, வந்த ஆட்சி போன ஆட்சி எல்லோரிடமும் திட்டு வாங்கியவர். மகள் வயதுக்காரரிடம் போய்ப் பாடம் படிப்பதா என்று வீட்டில் சிரித்தார்கள். பொன்னுரங்கம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு இவர் டீச்சர். இவருக்கு அவர் சார்.

டீச்சர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் சின்னதுதான்.

"யார் கண்ணுலயும் படாததைப் பெரிசாக்குங்க. ரொம்பப் பெரியவங்களைச் சின்னதாக்குங்க."

சீடர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ரொம்பக் கெட்டியாக.

முள்ளுக்குட்டை என்று ஒரு ஊர். அங்கே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். குடித்தவர்கள் பல்லெல்லாம் காவியேறிக் கோடு கோடாகிவிடும். வெளியாட்களைக் கண்டால் ஊரே வாயை மூடிக்கொள்ளும்.

மாதம்மா மட்டும் மூட மாட்டாள். பொன்னுரங்கம் பென்சிலோடு போய் நின்றபோது அவள்தான் வாய்விட்டுச் சிரித்தாள்.

"நம்ம ஊரு கஷ்டம் பேப்பர்ல வரட்டும் சார். நல்லா வரையுங்க."

நன்றாகத்தான் வரைந்தார். பாதிப் பக்கத்துக்கு அவள் வாய். ஒவ்வொரு பல்லும் மைல்கல் அளவு, அதில் ஒவ்வொரு தேர்தல் வருஷம். கீழே எறும்பு அளவுக்கு ஒரு அமைச்சர், கையில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு.

பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டது. எதிர்க்கட்சிக்காரர்கள் பேனர் அடித்து ஊர்வலம் போனார்கள். சட்டசபையில் அமளி. அடுத்த கோடைக்குள் முள்ளுக்குட்டைக்கு ஆற்றுத் தண்ணீர் குழாயில் வந்துவிட்டது.

"ஜெயிச்சுட்டீங்களே சார்" என்றார் சகாயமேரி.

"தண்ணி வந்துச்சு டீச்சர். குழாயைப் பார்த்துட்டு வரலாம்னு ஆசையாப் போனேன். அவ முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிறா."

"ஏனாம்?"

"ஊருக்குள்ள இப்ப அவளை மாதம்மான்னு யாரும் கூப்பிடறதில்லை. பேப்பர் பல்லுங்கறாங்க. சந்தைக்குப் போனா, பஸ் ஏறினா, இந்தப் பொம்பளைதான்டான்னு கை காட்டறாங்க. தங்கச்சியைப் பொண்ணு பார்க்க வந்தப்ப, நீ வெளியே வராதேன்னு வீட்டுலயே சொல்லிட்டாங்களாம்."

சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. நல்லது செய்யப் போய் ஒருத்தியின் சிரிப்பைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டோமே என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பையிலிருந்து ஒரு புதுப் படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதே மாதம்மா. வாய் அளவாக இருந்தது. பல்வரிசை பளீரென்று வெள்ளை.

"ஞாயித்துக்கிழமை இதைப் போடச் சம்மதிச்சிருக்காங்க. உங்ககிட்ட காட்டிட்டுக் கொடுக்கலாம்னு வந்தேன்."

"மாதம்மாகிட்ட காட்டினீங்களா?"

"காட்டினேன்."

"என்ன சொன்னாங்க?"

பொன்னுரங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லாருக்கு சார், யாரு இவங்கன்னு கேட்டா."

சகாயமேரி புதுப் படத்தை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார்.

"என் பாடத்துலதான் எங்கேயோ ஓட்டை இருக்கு" என்றார். "பழைய படம் இருக்கா?"

இருந்தது. அதை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பொன்னுரங்கம் ஜன்னல் பக்கம் பார்த்தார். பேப்பரில் வந்த அன்று தெருவெல்லாம் காட்டிப் பெருமைப்பட்ட படம். இப்போது அதைப் பார்க்க அவருக்குக் கூசியது.

சகாயமேரி படத்தை விரித்து, மாதம்மாவின் முகத்தை உள்ளங்கையால் மூடினார்.

"இங்க பாருங்க சார். இப்ப யார் இருக்கா?"

"அமைச்சர்."

"அமைச்சர்னு எப்படித் தெரியுது?"

"வெள்ளை வேட்டி. தோள்ல கரை போட்ட துண்டு. பக்கத்துல சுழல்விளக்கு வச்ச காரு."

"மூஞ்சி?"

"முதுகுதான் தெரியும் டீச்சர். அந்தப் பக்கம் பார்த்து நிக்கிறாரு."

"முதல்ல பென்சில்ல போட்டப்பவும் முதுகுதானா?"

பொன்னுரங்கம் படத்தை விட்டுக் கண்ணை எடுத்தார்.

"இல்லை. மூஞ்சியோடதான் போட்டேன். மீசை, மூக்கு எல்லாம் அச்சா வந்திருந்துச்சு. மூக்கைக் கொஞ்சம் இழுத்துக்கூட விட்டிருந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் திருப்பி நிக்க வச்சுட்டேன்."

"ஏன் சார்?"

பொன்னுரங்கம் அமைச்சரின் முதுகை விரலால் தடவினார்.

"கேஸ் போட்டுருவாங்கன்னு."

சகாயமேரி கையை எடுத்தார். மாதம்மா இரண்டு பேரையும் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இவங்க?"

பொன்னுரங்கம் அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"அவ எங்க டீச்சர் கேஸ் போடப் போறா?" என்றார்.